குறிப்புக்கு இருபது எழுத்து

புந்தா அரேனாசில் காற்று மேற்கிலிருந்துதான் வரும்,
ஆனால் எல்லாத் தெருவிலும் வரும்.
நகர நடுவே கயிறு கட்டியிருக்கிறார்கள்
முக்கு திரும்புகிறவர்கள் பிடித்துக்கொள்ள.
பார்ரியா பிடிப்பதில்லை.
ஒரு கையில் கருவி, ஒரு கையில் விளக்கு.
மூன்றாவது கையை, என்பார்,
எரிவாயுக் கம்பெனி இன்னும் தரவில்லை.

கருவி என்றால் செங்கல்தான்.
ரப்பர் விளிம்பு, கட்டைவிரல் அகலப் பொத்தான்கள்.
ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து
சிமெண்டுத் தரையில் விழலாம் என்கிறது கையேடு.
அதற்குள் ஓடுவதை எழுதுகிறவள் நான்.
நான் எவ்வளவு உயரத்திலிருந்து விழலாம் என்று
எந்தக் கையேட்டிலும் இல்லை.

போன பதிப்பில், ஒவ்வொரு அளவைப் பதியும்போதும்
'உறுதியா?' என்று கேட்க வைத்திருந்தேன்.
ஒரே வாரம்.
பார்ரியா கையுறையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார்.
"தானித்சா, நாளைக்கு நானூற்றுப் பன்னிரண்டு வீடு.
அத்தனை தடவை உறுதியாய் இருக்க
எனக்குக் கல்யாணத்தில்கூட முடிந்ததில்லை."
அன்றே நீக்கினேன்.
இப்போது மீட்டர் பின்னால் ஓடினால் மட்டும் கேட்கும்,
அதுவும் தயங்கித் தயங்கி.

இன்றைய தலைவலி பொட்டலம்.
எழுதியதையெல்லாம் ஒரே கோப்பாக மடித்து,
எது எந்த அறையில் இறங்க வேண்டும்,
எதற்கு முன்னால் எது,
பேட்டரி செத்துப் பிழைத்தால் எது தானே எழ வேண்டும்
என்று சீட்டெழுதி உள்ளே வைத்து,
கையொப்பமிட்டு மூட வேண்டும்.
ஒப்பம் இல்லாததைச் செங்கல் தொடாது.
என் மேசைக் கணினிக்குள் இருக்கும் போலிச் செங்கலில்
எல்லாம் ஓடியது.
அதற்கென்ன, அது குளிர் கண்டதில்லை.
மெய்யான செங்கல் சொன்னது: இடமில்லை.

படகில் ஆள் கூடிவிட்டால் கேட்கிற கேள்வியைக் கேட்டேன்.
உதவிப் பக்கங்கள் போயின. யாரும் திறந்ததில்லை.
பிழைக்கு ஒலிக்கும் மணி போனது.
இந்தக் காற்றில் எவர் காதுக்கு?
இரண்டாம் எழுத்துரு, அழகாக இருந்தது, போனது.
இன்னும் தொண்ணூறு கிலோபைட்.

மிச்சம் பெரியவை இரண்டு.
திறந்ததும் மூன்று நொடி நின்று எரியும் கம்பெனிச் சின்னம், நீலச்சுடர்.
பிறகு, குறிப்புகள்.
வீட்டுக்கு இருபது எழுத்து, யாரோ எப்போதோ தொடங்கியது,
அளவெடுப்பவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்வது.
மேலாளருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.
அழிக்கலாம்.
அழிக்கும் முன் உருட்டிப் பார்த்தேன்.

*நாய்.*
*நாய். கட்டியதாகச் சொல்வர்.*
*நாய் செத்தது.*
*செத்தது வேறு நாய்.*
*மீட்டர் விறகுக்குப் பின்.*
*காது கேளாது, கையசை.*
*மாத்தே தருவார். மறுக்காதே.*
*பேசினால் அரை மணி.*
*வாயிலைத் தூக்கித் திற.*

உருட்டிக்கொண்டே போனதில் என் தெரு வந்தது,
என் எண் வந்தது.
*இரவு வேலை. மெல்ல.*

ஆறு வருடமாக
என் இரும்பு வாயில் ஒரு தடவைகூடக் கிறீச்சிட்டதில்லை.
எண்ணெய் போட்டது நான்தான் என்று நினைத்திருந்தேன்.
நான் எப்போது எண்ணெய் வாங்கினேன்?

நீலச்சுடரை எடுத்துவிட்டேன்.
பதிப்பு எண்ணில் ஒன்றைக் கூட்டி, ஒப்பமிட்டு, மூடினேன்.

விடியற்காலை நான்கு. கிடங்கில் பதினொரு தொட்டில்கள்,
பதினொரு செங்கற்கள், பதினொரு பச்சைக் கோடுகள் நகர்கின்றன.
குஸ்கோவிச் வந்து எட்டிப் பார்த்தார்.
"நம் சுடர் எங்கே?"
"இடம் போதவில்லை. அடுத்த பதிப்பில் வரும்."
"உறுதியா?"
நல்லவேளை, அதற்குள் அவரைத் தொலைபேசி அழைத்தது.

பார்ரியா தன்னுடையதை எடுத்து ஒரு தட்டுத் தட்டினார்.
"என்ன, சட்டென்று திறக்கிறது?"
பதிலுக்கு நிற்கவில்லை.
கதவைக் காற்றுதான் சாத்தியது.

ஏழாம் எண் மட்டும்
தொண்ணூற்றேழு விழுக்காட்டில் நிற்கிறது.
வண்டியில் இரவெல்லாம் கிடந்ததாம், பேட்டரி பனிக்கட்டி.
கழற்றி, ஸ்வெட்டருக்குள், விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு
தொட்டில்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறேன்.
யாராவது பார்த்தால் என்ன சொல்வது என்று
யோசிக்கவில்லை இன்னும்.